அரை நாள் ஊற்று

வறண்டு கிடந்த காட்டாற்றின் நடுவில் ஓர் ஊற்றுக்குழி இருந்தது. ஒரு கிழட்டு யானை அதைக் காவல் காத்தது. எருமை, கரடி, பன்றி, முள்ளம்பன்றி, அழுங்கு என்று பல விலங்குகள் அதில் மண் தோண்டிப் பிழைத்தன.

யானையை எல்லோரும் 'பெரியவர்' என்றே அழைத்தார்கள். மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடுவதைத் துதிக்கையால் மோந்து கண்டுபிடித்தது அதுதான். இப்போது அதன் முன்னங்கால் ஒன்று வீங்கிவிட்டது. தோண்ட முடியாது. ஆனாலும் அது கரையில் நின்றால் போதும், புலி அந்தப் பக்கம் தலைகாட்டாது.

தோண்டுகிறவர்களுக்குக் கூலி தண்ணீர்தான். பொழுது சாயும்போது குழியில் ஊறி நிற்பதை முதலில் பெரியவர் குடிக்கும். பிறகு தோண்டியவர்களும் அவர்களின் குட்டிகளும் குடிப்பார்கள். மிச்சம் இருந்தால் மான்களுக்கும் குரங்குகளுக்கும்.

அந்தக் குழிக்கு ஒரு சட்டம் உண்டு. பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை தோண்டுவது நிற்கக் கூடாது. கால் நின்றால் ஊற்றுக்கண் அடைத்துக்கொள்ளும் என்று பெரியவர் முதல் நாளே சொல்லியிருந்தது. அதனால் ஒருவர் மேலேறினால் இன்னொருவர் இறங்கிவிடுவார். குழி காலியாக இருந்ததே இல்லை.

அந்தக் கோடை மற்றக் கோடைகளைப் போல் இல்லை. மழை பொய்த்து, அடுத்த மழையும் பொய்த்தது. மணலுக்கு அடியில் ஓடிய தண்ணீர் இளைத்துப்போனது. குழியில் ஊறுவது பாதியாகக் குறைந்தது.

அப்போதுதான் நாரை வந்து சேர்ந்தது.

நாரை குளம் குளமாகப் பறந்து திரியும். எந்தக் குளத்திலும் அது ஒரு பிடி மண் அள்ளியதில்லை. ஆனால் எல்லாக் குளத்துக்கும் ஆலோசனை சொல்லும்.

"பெரியவரே! தண்ணி பாதியாச்சுன்னா ஆளும் பாதியாகணும். மேற்கே இருக்கிற ஊத்துல இதைத்தான் செஞ்சாங்க!" என்றது நாரை.

"செஞ்ச பிறகு?" என்று கேட்டது யானை.

"மிச்சம் இருக்கிறவங்க வயிறு நிறையக் குடிக்கிறாங்க!"

"போனவங்க?"

"போயிட்டாங்க!"

"எங்கே?"

நாரை ஒற்றைக் காலை மாற்றி வைத்துக்கொண்டது. "மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சுனை இருக்கு. அங்கே போயிருப்பாங்க. அதையெல்லாம் யார் போய்ப் பாக்குறது?"

யானை மேஸ்திரியைக் கூப்பிட்டது. மேஸ்திரி ஒரு காட்டெருமை. ஒரு காலத்தில் குழிக்குள் இறங்கிக் கொம்பால் மண்ணைப் பெயர்த்தது. அதில் வலது கொம்பு முனை உடைந்து போயிற்று. அதன் பிறகு விளிம்பில் நின்று, இங்கே தோண்டு, அங்கே அள்ளு என்று சொல்வதே அதன் வேலை.

"மேஸ்திரி, பாதிப் பேரை அனுப்பிடு."

"எங்கே ஐயா?"

"மலைக்கு அந்தப் பக்கம் சுனை இருக்காம்."

"இந்த வெயில்ல அவ்வளவு தூரம் நடக்க முடியுமா ஐயா?"

"முடிஞ்சவன் நடப்பான்." இதைச் சொல்லும்போது யானை வேறு எங்கோ பார்த்தது.

"யார் யாரை ஐயா?"

"உனக்குத்தான் தெரியும். நீதானே கூட நிக்கிற? பௌர்ணமிக்குள்ள முடிச்சிடு."

மேஸ்திரி திரும்பி வந்து விளிம்பில் நின்றது. குழிக்குள் பார்த்தது.

செம்பட்டை என்ற இளம் பன்றி மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. அதன் பலம் யாருக்கும் இல்லை. அதை அனுப்பினால் அது மலையைத் தாண்டிவிடும். ஆனால் குழி என்னாவது? பக்கத்தில் செதிலான் என்ற அழுங்கு, நீண்ட நகங்களால் மெதுவாக மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் ஓடு போர்த்திய பிராணி. வேகமாக நடக்கத் தெரியாது. அதை அனுப்பினால் குழிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அது முதல் மேட்டிலேயே விழுந்துவிடும். முள்ளாயி என்ற முள்ளம்பன்றிக்குப் பால் குடிக்கும் குட்டிகள் இருந்தன.

பலமுள்ளவன் போனால் அவன் பிழைப்பான், குழி பிழைக்காது. பலமில்லாதவன் போனால் குழி பிழைக்கும், அவன் பிழைக்க மாட்டான். மேஸ்திரி இதையே திரும்பத் திரும்ப அசை போட்டது. விடை வரவில்லை.

நானே போய்விட்டால் என்ன என்றும் அது நினைத்தது. விளிம்பில் நிற்பதைத் தவிர நான் என்ன செய்கிறேன்? ஆனால் நான் போனால் ஆளைப் பொறுக்குகிற வேலையை நாரை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நான் இருக்கிறேன். இது உண்மையா, இல்லை நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் சாக்கா? எருமைக்கு அதுவும் புரியவில்லை.

யானை சொன்னதை மரத்தில் இருந்த குரங்குகள் கேட்டுவிட்டன. மறுநாள் விடிவதற்குள் குழி முழுவதும் செய்தி பரவிவிட்டது.

அதன் பிறகு மேஸ்திரியின் பார்வை யார் மேல் விழுந்தாலும் அவர் இரண்டு மடங்கு வேகமாகத் தோண்டினார்!

மேஸ்திரி முள்ளாயியைப் பார்த்தது. முள்ளாயி குட்டிகளை உதறிவிட்டு மண்ணை வாரி இறைத்தது.

மேஸ்திரி கரடியைப் பார்த்தது. உச்சி வேளையில் கண்ணயர்வது கரடியின் வழக்கம். அது திடுக்கிட்டு எழுந்தது.

"மேஸ்திரி, நான் தூங்கலை! கண்ணை மூடிக்கிட்டு எங்கே தோண்டலாம்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்!"

"நான் ஒண்ணும் கேக்கலையேப்பா."

"கேக்கலை, பாத்தீங்க! அது போதாதா?"

மேஸ்திரி தலையைத் திருப்பி வானத்தைப் பார்த்தது. அதற்கும் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று பயந்து எல்லோரும் இன்னும் வேகமாகத் தோண்டினார்கள்.

செம்பட்டைக்கு மட்டும் பயம் இல்லை. ஆனாலும் தன் பலத்தை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும் என்று அது துடித்தது.

"யோவ் செதிலா! நீ ஒரு கை மண் அள்ளுறதுக்குள்ள நான் ஒரு குழியே வெட்டிடுவேன்!"

"வெட்டு தம்பி, நல்லா வெட்டு. வெட்டின மண்ணை என் தலையில கொட்டாம இருந்தாச் சரி," என்றது செதிலான்.

இவ்வளவு வேலை நடந்தும் தண்ணீர் கூடவில்லை. குறைந்தது. பொழுது சாயும்போது குழியில் நின்றது சேறுதான். குட்டிகள் அதைக் குடித்துவிட்டு இருமின. சில குட்டிகள் குடிக்காமலே தூங்கிப்போயின.

"வேலை இவ்வளவு மும்முரமா நடக்குது. தண்ணி எங்கே?" என்று யானை கேட்டது.

"ஆள் இன்னும் அதிகமா இருக்கு! அதுதான் காரணம்!" என்றது நாரை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் வந்தது. நாளைக் காலை யார் யார் போவது என்று மேஸ்திரி சொல்லியாக வேண்டும். அன்று வேலை தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. செம்பட்டை தன் வேகத்தைக் காட்டக் குழியின் பக்கச் சுவரை அடியில் குடைந்துகொண்டே போயிற்று.

"டேய், போதும்! மேல இருக்கிற மணல் சரியும்!" என்று கத்தியது மேஸ்திரி.

சொல்லி முடிப்பதற்குள் சரிந்துவிட்டது. மணல் முழுவதும் செதிலான் மேல் விழுந்தது.

எல்லோரும் உதவிக்கு ஓடி வந்தார்கள். மேஸ்திரியும் விளிம்பிலிருந்து குதித்து உடைந்த கொம்பால் மணலைத் தள்ளியது. முள்ளாயி தன் முள் குத்திவிடுமோ என்று பயந்து பயந்து பிறாண்டியது. கடைசியில் செம்பட்டையின் மூக்கில் ஏதோ கல் மாதிரி இடித்தது. அது கல் அல்ல. பயத்தில் பந்து போல் சுருண்டுகொண்ட செதிலான்!

அதை உருட்டிக் கரைக்குக் கொண்டுபோய் மருத மர நிழலில் வைத்தார்கள். பந்து பிரியவில்லை. உள்ளே உயிர் இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

"அண்ணே! செதிலான் அண்ணே!" என்று முள்ளாயி கூப்பிட்டுப் பார்த்தது.

பந்து அசையவில்லை.

யாருக்கும் குழிக்குத் திரும்ப மனம் வரவில்லை. செம்பட்டை மட்டும் தள்ளிப் போய், யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது.

"என்ன இது? குழியில ஒருத்தரும் இல்லையே! சட்டம் என்னாச்சு?" என்று நாரை மரத்தின் மேலிருந்து கூச்சல் போட்டது.

"நீ வேணும்னா இறங்கித் தோண்டு!" என்றது கரடி.

வெயில் ஏறி இறங்கியது. பொழுது சாயும் நேரத்தில் பந்து மெல்ல அசைந்தது. ஒரு மூக்கு வெளியே வந்தது.

"தண்ணி," என்றது செதிலான்.

முள்ளாயி குழியை நோக்கி ஓடியது. சேறாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் ஓடியது. ஓடிய வேகத்தில் அப்படியே நின்றுவிட்டது.

"மேஸ்திரி! இங்கே வாங்க! குழியில வானம் தெரியுது!"

எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். குழியில் தண்ணீர் நின்றது. கலங்கல் இல்லாத தண்ணீர். பல நாளாகப் பார்க்காத அளவு தண்ணீர். அதில் வானமும், சுற்றி நின்று எட்டிப் பார்க்கும் முகங்களும் தெரிந்தன.

மேஸ்திரி வெகு நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. மழை நன்றாகப் பெய்த காலத்தில் ஊற்று வேகமாக வந்தது. எத்தனை கால் மிதித்தாலும் தண்ணீர் தெளிந்துவிடும். அந்தக் காலத்துக்கு அந்தச் சட்டம் சரி. இப்போது ஊற்று அலுத்துப்போய்ச் சொட்டுச் சொட்டாக வருகிறது. அது வந்து சேர்வதற்கு முன்பே நாம் மிதித்துக் கலக்கிவிடுகிறோம். இத்தனை நாளாக நாம் தோண்டியது தண்ணீருக்காக அல்ல, பயத்தில்தான்.

மேஸ்திரி நேராக யானையிடம் போயிற்று. மற்றவர்களும் பின்னால் போய்ச் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

"ஐயா, யாரையும் அனுப்ப வேண்டாம்."

"அப்புறம்?"

"உச்சிப்பொழுது வரைக்கும் எல்லாரும் தோண்டுவோம். சரிஞ்ச மணலை அள்ளிட்டு ஏறிடுவோம். அப்புறம் குழியைத் தொட வேண்டாம். அது பாட்டுக்கு ஊறட்டும்."

"எல்லாருக்கும் போதுமா?"

"போதாது ஐயா," என்றது மேஸ்திரி. "முன்னாடி குடிச்ச மாதிரி குடிக்க முடியாது. ஆளுக்குப் பாதி. அரை நாள் வேலை, அரை வயித்துத் தண்ணி. ஆனா யாரும் போக வேண்டாம்."

செம்பட்டை முன்னால் வந்தது. "நான் ரெண்டு ஆள் வேலை செய்யிறேன்! நான் ஏன் பாதி குடிக்கணும்?"

"நீ செய்யிற வேலையில ஒண்ணு, மத்தவன் தலையில மணலைத் தள்ளுறது," என்றது கரடி. சிலர் சிரித்தார்கள். செம்பட்டை சிரிக்கவில்லை.

"நாங்கள்லாம் பாதி, சரி. மேஸ்திரி எவ்வளவு குடிப்பாரு? முதல்ல அதைச் சொல்லச் சொல்லுங்க!" என்றது நாரை.

"நானும் பாதிதான்," என்றது மேஸ்திரி. "நாங்கள்லாம்னு சொல்றியே, நீ எதுல சேர்த்தி?"

நாரை இறகைக் கோதத் தொடங்கியது.

மேஸ்திரி போகாமல் அங்கேயே நின்றது.

"ஐயா, இன்னும் ஒண்ணு இருக்கு. நாங்க எல்லாரும் சேர்ந்து குடிக்கிற அளவு நீங்க ஒருத்தர் குடிக்கிறீங்க. நீங்க துதிக்கையை எடுத்த பிறகு மிஞ்சுறதைத்தான் நாங்க இத்தனை காலமா தண்ணின்னு சொல்லிக்கிட்டிருக்கோம். எங்க பங்கு மட்டும் பாதியானா இந்தக் கணக்கு நிக்காது."

யானையின் காதுகள் அசைவதை நிறுத்தின.

"இத்தனை கோடையா இதை யாருமே என்கிட்ட சொல்லலையே?" என்றது யானை.

"பயம் ஐயா."

"இப்ப பயம் இல்லையா?"

"இருக்கு. ஆனா அலுப்பு அதைவிடப் பெருசா இருக்கு."

யானை வீங்கிய காலை மெதுவாக மாற்றி வைத்தது. குழியின் பக்கம் பார்த்தது. குட்டிகள் விளிம்பில் வரிசையாக நின்று தண்ணீரில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் இன்னும் குடிக்கவில்லை. பெரியவர் குடிக்காமல் மற்றவர்கள் குடிக்கும் வழக்கம் இல்லை.

"முதல்ல அந்தச் செதிலானுக்குக் குடுங்க," என்றது யானை. "அப்புறம் குட்டிங்க. நான் கடைசியா வரேன். பாதியோட நிறுத்திக்கிறேன்."

"அரை வயித்துத் தண்ணிக்கு நான் மூக்கைத் தேய்க்க மாட்டேன்!" என்றது செம்பட்டை. "மேற்கே வயிறு நிறையத் தராங்க. நான் போறேன்!"

"அப்படிச் சொல்லு! நான் வழி காட்டுறேன், வா!" என்றது நாரை.

மேஸ்திரி தடுத்துப் பார்த்தது. செம்பட்டை நிற்கவில்லை. யாரையும் அனுப்பக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டும் ஒருவன் போய்விட்டானே என்று எருமைக்கு இருந்தது.

மறுநாளிலிருந்து அரை நாள் வேலை தொடங்கியது.

அதனால் சுகம் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தொண்டை எப்போதும் வறண்டே இருந்தது. யானைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. "உன் வாய் பெருசு, நீ ஒரு வாய்னு சொல்றது ரெண்டு வாய்!" என்று கரடியோடு முள்ளாயி தினமும் சண்டை போட்டது. பிற்பகலில் முள்ளாயி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஈரக்கிழங்கு தேடப் போனது. கரடி இப்போது உரிமையோடு தூங்கியது.

மேஸ்திரி விளிம்பில் நிற்பதை விட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கியது. உடைந்த கொம்பில் வலி எடுத்தது. சில நாள் மாலையில், நான் செய்தது சரிதானா, துன்பத்தை எல்லோர் தலையிலும் சமமாகத் தடவிவிட்டேனா, அவ்வளவுதானா என்று அது யோசித்தது. பிறகு கரையில் படுத்திருப்பவர்களைப் பார்க்கும். செம்பட்டையைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தானும் படுத்துக்கொள்ளும்.

பௌர்ணமி போய், தேய்ந்து, அடுத்த பிறை தெரிந்தபோது, ஒரு காலையில் ஆற்று மணலில் ஏதோ ஒன்று தள்ளாடிக்கொண்டு வந்தது. செம்பட்டைதான். ஒரு காது கிழிந்திருந்தது. உடம்பு பாதியாகிவிட்டது.

"என்னடா ஆச்சு?" என்று கேட்டது மேஸ்திரி.

"அங்கே பாதிப் பேர் முழு நாளும் தோண்டினோம். கொஞ்ச நாள் வயிறு நிறையக் குடிச்சேன். அப்புறம் சேறாயிடுச்சு. மறுபடியும் ஆளைக் குறைச்சாங்க. கடைசியா வந்தவன் முதல்ல போகணும்னாங்க." அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டது. "மலைப் பக்கம் போய்ப் பாத்தேன். அங்கே சுனையே இல்லை."

"நாரை எங்கே?"

"அது வேற குளத்துக்குப் பறந்திருச்சு."

குழியில் ஒரு பங்கு கூடினால் மற்றவர் பங்கு இன்னும் குறையும். அது எல்லோருக்கும் தெரியும்.

"நம்ம வாயிலேர்ந்தா இவனுக்குக் குடுக்கணும்? போனவன்தானே!" என்று முனகியது கரடி.

மேஸ்திரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. இந்த முறை யாரும் அவசரமாகத் தோண்டவில்லை. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு மேஸ்திரியையே திருப்பிப் பார்த்தார்கள். மறுபடியும் நான்தான் சொல்ல வேண்டுமா என்று எருமைக்கு ஆயாசமாக இருந்தது.

குழியின் ஆழத்திலிருந்து செதிலானின் குரல் வந்தது. அது தலையைக்கூடத் தூக்கவில்லை.

"இந்தப் பக்கம் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. என் நகத்துக்கு மசியலை. ஒரு மூக்கு இருந்தா நல்லாயிருக்கும்." பிறகு சற்று நகர்ந்து இடம் விட்டது. "ஆனா தம்பி, வெட்டின மண்ணை என் தலையில கொட்டாதே!"

செம்பட்டை இறங்கியது. மெதுவாகத் தோண்டியது. பெயர்த்த மண்ணை ஒவ்வொரு முறையும் மறுபக்கம் கொண்டுபோய்ப் போட்டது.

கரடி கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் தோண்டியது.

வெயில் உச்சிக்கு வந்தது. "போதும், ஏறுங்க," என்றது மேஸ்திரி. எல்லோரும் மேலேறி மருத மர நிழலில் படுத்தார்கள். செம்பட்டைக்கு இடம் விட முள்ளாயி தன் முட்களை மடக்கிக்கொண்டது. கரையில் யானை கண்ணை மூடி நின்றது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கீழே, யாரும் இல்லாத குழியில், தண்ணீர் மெல்ல ஊறத் தொடங்கியது.

பஞ்சம் வந்தால் சிலரைத் துரத்திவிட்டு மற்றவர் பிழைக்கப் பார்ப்பதைவிட, பெரியவர் முதலாக எல்லோரும் வேலையையும் பங்கையும் குறைத்துக்கொண்டு ஒன்றாகத் தாக்குப்பிடிப்பதே மேல்.